காலியாக இருந்த ஒரே மேசை

போன மாதம் சித்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து இளம் வாத்தியார் ஒருவர் அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் ரோபோ. கை காலோடு நடக்கிற ஆள் இல்லை. உள்ளங்கை அகலத்தில் சக்கரம் வைத்த ஒரு வண்டி. முன்னால் இரண்டு கண். எதிரே சுவர் வந்தால் கண் பார்த்துச் சொல்லும், வண்டி திரும்பிக்கொள்ளும். பிள்ளைகள் யாரோ மிதித்ததில் ஒரு கண் நசுங்கிவிட்டது.

"கம்பெனியில கேட்டா போர்டு மொத்தமும் மாத்தணும்ன்றாங்க சார். நீங்க ரிப்பேர் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. ரொம்பக் கஷ்டப்பட வேணாம். செத்துப்போன கண்ணுக்குப் பதிலா ஒரு ரெசிஸ்டர வச்சுட்டா போர்டு ஏமாந்துடும், வண்டி ஓடும்னு போன்ல பார்த்தேன். எக்ஸிபிஷன் வரைக்கும் ஓடினா போதும்" என்றார்.

"எடுத்துக்கினு போய்யா வெளிய!" என்று கத்திவிட்டேன்.

அவர் பெட்டியை வாரி அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். உள்ளேயிருந்து என் மனைவி ஓடிவந்தாள். "இன்னா நீ, வந்த புள்ளைய நாயத் தொரத்தற மாரி தொரத்தற? வயசானா புத்தி தெளியணும், உனக்கு இருக்கறதும் போய்க்கினு கீது" என்று என்னைத் திட்டி, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். மறுநாள் அவரைக் கூப்பிட்டனுப்பி, குப்பையில் கிடந்த ஒரு பழைய பிரிண்டரிலிருந்து நல்ல கண் ஒன்றைப் பிடுங்கி, அவர் வண்டியில் வைத்துக் கொடுத்தேன். வண்டி நிஜமாகவே சுவரைப் பார்த்துத் திரும்பியது. வாத்தியார் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று, "ரெசிஸ்டர்னு சொன்னதும் ஏன் சார் அவ்ளோ கோபம்?" என்று கேட்டார்.

வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அப்படி வைத்த ஒரு ரெசிஸ்டரால் ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடத்தில் தன் இடத்தை இழந்தாள்.

என் பெயர் ஜெபமணி. சித்தூர் சபையைச் சேர்ந்த குடும்பம். என் நைனா சபைப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர். நான் வேலூரில் ரேடியோ மெக்கானிக் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கரும்பலகையில் வரைந்த ரேடியோ எல்லாம் நன்றாகப் பாடியது. அறுபதுகளின் நடுவில் திருப்பதியில் பள்ளிக்கூடங்களுக்கான ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. ஜில்லாவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ரேடியோ, மைக் செட், படம் காட்டும் மெஷின் செத்தாலும் எங்களிடம் வரும். அல்லது நாங்கள் பஸ் ஏறிப் போவோம்.

ஃபோர்மேன் பெயர் சுப்பராயுடு. வீட்டில் தெலுங்கு. எங்களோடு பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. கோபம் வந்தால் முழுத் தெலுங்கு. ஒல்லியான ஆள். எப்போது பார்த்தாலும் இடது கை சட்டைக்குக் கீழே கால்சட்டைப் பையில் இருக்கும். பந்தா என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. வால்வ் வைத்த ரேடியோ செட்டில் கரண்ட் இருக்கும்போது இரண்டு கையையும் உள்ளே விட்டால், ஒரு கையில் ஏறும் கரண்ட் நெஞ்சு வழியாக மறு கைக்கு இறங்கும். ஒரு கை பைக்குள் இருந்தால் உயிர் தப்பலாம். எனக்கு முன்னால் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாலய்யா என்பவர் ஒரு நாள் ஈ ஓட்ட இடது கையை வெளியே எடுத்தாராம். அந்த ஸ்டூல்தான் எனக்குக் காலியானது. வேலையில் சேர்ந்த அன்று காலையிலேயே சுப்பராயுடு சார் இதைச் சொன்னார், சாப்பாட்டு நேரம் எப்போது என்று சொல்வதைப் போல.

ஒரு செட் வந்தால் அவர் அதைத் தொடமாட்டார். கொண்டுவந்த வாத்தியாரை முதலில் உட்கார வைப்பார். "செத்துப்போறதுக்கு முந்தி இது ஏமி சேசிந்தி, என்ன பண்ணுச்சு? இருமிச்சா, அழுதுச்சா, கம்முனு போச்சா?" என்று டாக்டர் மாதிரி கேட்பார். அப்புறம் மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விடுவார். கருகிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு நாற்றம், கண்டன்சர் வெடித்ததற்கு வேறு நாற்றம். பிறகு கண், பிறகு விரல். கரண்ட் கடைசியில்தான். அதையும் நேராகக் கொடுக்கமாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பை வைத்துக் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைக்கும். மங்கலாக எரிந்தால் தைரியமாக மேலே போகலாம்.

'கண்டம்' என்று எழுதி ஒரு செட்டை ஒழித்துக்கட்ட அவருக்கு மனசே வராது. அப்படி எழுதினால், அதிகாரி முன்னிலையில் அதைச் சுத்தியலால் உடைக்க வேண்டும் என்று விதி. புதுசு வர எத்தனை காலம் ஆகுமோ, வருமோ வராதோ. குடுபல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, செத்த ரேடியோக்கள் மூன்றைப் பிரித்து உயிருள்ள ரேடியோ ஒன்று செய்து கொடுத்தார். "பாரேயடம் எவடைனா சேஸ்தாடு" என்பார். தூக்கிப் போட எவனாலும் முடியும் என்று அர்த்தம். அந்த வார்த்தையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அது தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒரு சபலம் உண்டு. உரிய பாகம் கிடைக்காதபோது, அந்த இடத்தில் எதையாவது வைத்து மற்றதை ஓடவைப்பது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதற்கு 'இரவல்' என்று பெயர். நகை இரவல் மாதிரி. திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இரவல் வைத்த இடத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைப்பது சுப்பராயுடு சாரின் வழக்கம். தாலுகா கச்சேரிக் காகிதங்களைக் கட்டுகிற சிவப்புத் துணியைக் கிழித்து நாடா நாடாக வைத்திருப்பார். அந்தத் துணியைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: உள்ளே இருப்பது நிஜம் இல்லை, நம்பாதே.

சித்தூரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு சிறிய பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஒரு செட். டீச்சர் மைக்கில் பேசினால் பெரிய பெட்டி அதைப் பெருக்கி, ஒவ்வொரு மேசைக்கும் கம்பி வழியாக அனுப்பும். மேசையில் ஒரு சின்னப் பெட்டி, ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு, ஒரு ஹெட்போன். செவிடு என்கிறோமே தவிர, அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதின் அடியில் கொஞ்சம் கேட்கும் சக்தி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்ன வயதிலேயே தட்டி எழுப்பினால் பேச்சு வரும். வயது ஏற ஏற அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அந்த செட்தான் அவர்களுக்கு வாய்.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி மழை. பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகி ஒரு மேசையின் பெட்டி ஊறிப்போயிற்று. கடைசி வரிசை, சன்னல் ஓரம். அந்த செட்டில் ஒரு வரிசையின் மேசைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. திருவிழா சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடும் அல்லவா, அதே கதை. ஒரு பெட்டி செத்ததால் வரிசையே ஊமையாகிவிட்டது. நானும் சுப்பராயுடு சாரும் போனோம். ஊறிய பெட்டி வெளிநாட்டுச் சாமான், அதற்குள் இருந்த திருகு எங்களிடம் இல்லை. அவர் உள்ளே கம்பியை வெட்டி, ஹெட்போனுக்குச் சமமாகக் கரண்டை இழுக்கும் ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தார். வரிசைக்கு உயிர் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த ஒரு மேசைக்கு மட்டும் சத்தம் வராது. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளையை வேறு மேசைக்கு மாற்றச் சொல்லி, அப்போதிருந்த டீச்சரிடம் விவரம் சொல்லி, பெட்டியில் சிவப்புத் துணியைக் கட்டினார். இரட்டை முடிச்சு.

திருகுக்கு எழுதிப் போட்டோம். வரவில்லை. மறு வருஷம் மழைக்காலத்தில் வெள்ள வேலைக்கென்று எங்கள் வண்டியையும் ஆட்களையும் வேறு பக்கம் இழுத்துவிட்டார்கள். சித்தூர் போக முடியவில்லை. கடைசியில் சுப்பராயுடு சாரே ஒரு செத்த மைக் செட்டிலிருந்து திருகு ஒன்றை எடுத்து, அரத்தால் அராவி, பொருத்தி, அசல் போலவே ஒரு பெட்டி செய்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அதை என் கையில் கொடுத்து, "போய் இரவலைத் திருப்பிக் கொடுத்துட்டு வா" என்றார்.

வகுப்பில் நுழைந்து சிவப்புத் துணியைத் தேடினேன். இல்லை. மேசைகளுக்கெல்லாம் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கிரேஸ் என்று புது டீச்சர், கல்லூரி முடித்துவிட்டு வந்த பெண். அவருக்குத் துணியைப் பற்றி எதுவும் தெரியவில்லை. பழைய டீச்சர் கல்யாணமாகி, நாங்கள் துணி கட்டிய அந்த வருஷக் கிறிஸ்துமஸோடு போய்விட்டாராம். சன்னலோர மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். கிரேஸ் டீச்சர் மைக்கில் பேசினார். கிணற்றுக்குள் தலையை விட்டது போல ஒரே அமைதி. பெட்டியைத் திறந்தேன். சார் வைத்த ரெசிஸ்டர் அப்படியே இருந்தது.

மேசை மேல் பச்சைப் பெயின்டைச் சுரண்டி யாரோ ஆணியால் ஓர் ஆடு வரைந்திருந்தார்கள். கொம்பு, தாடி, மணி எல்லாம் இருந்தது.

"இந்த எடத்துல யாருங்க டீச்சர் உக்காந்தா?" என்றேன்.

"கன்னியம்மா. இப்ப இல்ல, வீட்டுக்கு அனுப்பிச்சுட்டோம். ஏன் சார்?"

"எவ்ளோ நாளா உக்காந்தா?"

"போன வருஷம் ஜனவரியில வந்தா. மத்த எடமெல்லாம் ஃபுல்லு. இது ஒண்ணுதான் காலியா இருந்தது."

காலியாக இருந்தது ஏன் காலியாக இருந்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நான் ஹெட்போனை டீச்சரிடம் நீட்டி, மைக்கில் போய்ப் பேசினேன். அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பக்கத்து மேசை ஹெட்போனை எடுத்து வைத்துப் பார்த்தார். மறுபடியும் இதை வைத்துப் பார்த்தார். "கடவுளே" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கேக்கலன்னா எப்டி சார்? அவ கொட்டை போடுவாளே!"

கொட்டை என்றால் புளியங்கொட்டை. காதுப் பயிற்சியில் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டையைக் கன்னத்தருகே பிடித்துக்கொள்வார்கள். டீச்சர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் சத்தம் கொடுப்பார். கேட்டதும் கொட்டையைத் தகர டப்பாவில் போட வேண்டும். கன்னியம்மா ஒருநாளும் தவறியதில்லையாம். எப்படித் தவறுவாள்? பக்கத்து மேசைப் பையனின் கையை ஓரக்கண்ணால் பார்த்து, அவன் போட்ட மறு நொடியே போட்டிருக்கிறாள். காதில் ஒன்றும் விழாத பிள்ளை, ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு வகுப்பையே ஏமாற்றியிருக்கிறாள். இது விளையாட்டு, எல்லாரும் போடும்போது போட வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"காது நல்லா கேக்குது, ஆனா ஒரு வார்த்த வரல. அதனால மூளைதான் வளர்ச்சி இல்லன்னு..." என்றார் டீச்சர். அந்த இடத்துக்குப் பல பேர் காத்திருந்தார்கள். ஏப்ரலில் அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒரே ஒரு தரம் இத எடுத்து ஒங்க காதுல வச்சுப் பாத்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அழுதது. கேட்டிருக்க வேண்டாம். அவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய பெட்டியின் மீட்டர் முள் சரியாக நின்றது, அதைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ரெசிஸ்டர் வைப்பதே முள் சரியாக நிற்பதற்குத்தான்.

வகுப்பு பெருக்குகிற ரூத்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "செவப்புத் துணியா? பழைய டீச்சரம்மா கெளம்பின கிறிஸ்மஸுக்குப் பெயின்ட் அடிக்கறப்ப நாந்தான் அவுத்தேன். அழுக்கா இருந்துது. தோச்சு, ஏசு பொறப்பு நாடகத்துல மூணு சாஸ்திரில ஒருத்தருக்குத் தலப்பா கட்டினோம். நல்லா இருந்துது சார். ஏன், வோணுமா?" என்றாள். அவளை என்ன சொல்லித் திட்டுவது?

புதுப் பெட்டியைப் பொருத்தி, எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு, திருப்பதி பஸ் ஏறினேன். வழி நெடுக சுப்பராயுடு சார் மேல் எனக்கு எரிந்தது. அவரைச் சாமி போல நினைத்திருந்தேன். துணியைக் கட்டினால் போதுமா? துணி எங்களுக்குத்தானே பேசும், ஊருக்குப் பேசுமா? கேட்டே விடுவது என்று போனேன்.

அவர் பெஞ்சில் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். துணியை ரூத்தம்மா அவிழ்த்ததையும், பழைய டீச்சர் சொல்லாமல் போனதையும் சொன்னேன். அவர் சூட்டு இரும்பை ஸ்டாண்டில் வைத்தார். யாராவது ஒருவர் மேல் பழியைப் போடுவார், அப்போது சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"அவுத்தவங்க தப்பு கிடையாது. நேனே பெட்டானு. நான்தான் வச்சேன்" என்றார். பிறகு, "ஆ பாப்பா ஊரு ஏது?" என்று கேட்டார். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்த வாரமே போனோம். புத்தூர் தாண்டி உள்ளே போகிற கிராமம், தமிழ்க் குடியானவர்கள். பேட்டரியில் ஓடுகிற சின்ன செட் ஒன்றைச் சார் கட்டி எடுத்து வந்திருந்தார். கன்னியம்மாவின் அப்பா சின்னதம்பி களத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அந்தப் பிள்ளை. ஏழெட்டு வயது இருக்கும். எண்ணெய் காணாத தலை, நெற்றியில் ஆறாத காயம். எங்களைப் பார்த்ததும், அதாவது என் கையில் இருந்த ஹெட்போனைப் பார்த்ததும், எழுந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

பள்ளிக்கூட விஷயம் என்றதும் சின்னதம்பியின் முகம் மாறியது. "இன்னா சார் இன்னும்? காது கேக்குது, புத்திதான் இல்லன்னு நீங்கதான சொல்லி அனுப்பிச்சீங்க? செவுடுன்னு இருந்தப்பவாவது பாவம்னு வுட்டாங்க. இப்ப பைத்தியம்னு பசங்க கல்லால அடிக்கிறானுங்க. தோ பாரு நெத்திய. கூட்டினு போவாமலே இருந்திருக்கலாம்."

சுப்பராயுடு சார் கை கூப்பினார். பையிலிருந்து இடது கையை அவர் அப்படி எடுத்து நான் பார்த்ததே இல்லை. "தப்பு என்னுது. உன் பொண்ணு காதுல சத்தமே வராத பொட்டிய மாட்டி வுட்டது நான்" என்று ஆரம்பித்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

பேட்டரி செட்டை அவளுக்கு மாட்டினோம். அவள் முகம் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள் என்பதால், சார் மைக்கோடு அவளுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு அந்தப்பக்கம் போய் நின்றார். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். "கன்னியம்மா" என்று கூப்பிட்டார். இல்லை. இன்னும் கூட்டினேன். மறுபடியும் கூப்பிட்டார். அவள் மடியில் இருந்த கடலை சிதறிற்று. திடுக்கென்று திரும்பி வைக்கோல் போரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஹெட்போனைத் தொட்டாள்.

சின்னதம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "இத இங்க சொன்னா ஆச்சா? அரசமரத்தாண்ட வந்து நாலு பேரு எதுர்ல சொல்லு" என்றார்.

சார் போனார். நானும் கூடப் போனேன். கூட்டம் கூடியது. அரசாங்க ஆள் என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், அவர் உட்காரவில்லை. "இந்தப் பிள்ளைக்கு புத்தி இல்லன்னு சொன்னது பொய். மிஷின் தப்பு. மிஷின்ல தப்ப வச்சது நான்" என்றார். ஒரு பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. "சத்தமே வரலன்ற. அப்ப ஒரு வருசமா கொட்டைய எப்டியா கரெக்டா போட்டா?" என்று மடக்கினார்.

"அதேனய்யா தெலிவி" என்றார் சார். "அதான்யா புத்தி."

பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரிய அம்மா நல்லவர்தான். நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டார். ஆனால் இடம் இல்லை, அந்த மேசையில் ஒரு பையனைச் சேர்த்தாகிவிட்டது என்றார். இடம் இல்லையென்றால் இடம் செய்கிறேன் என்று சார் கிளம்பி வந்தார். உடைந்த பெஞ்சுப் பலகை, செத்த செட்டின் திருகு, பழைய ஹெட்போன் இவற்றைக் கொண்டு ஒரு முழு மேசையைக் கட்டி, முதல் வரிசையில் சேர்த்தார். அதில் இரவல் எதுவும் இல்லை. அவரே நாற்காலியில் குறுகி உட்கார்ந்து, என்னை மணிக்கணக்கில் மைக்கில் பேசவிட்டுக் கேட்டார். என் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றோடு ஒர்க்‌ஷாப்பில் இரவல் என்பதே ஒழிந்தது. பாகம் இல்லையென்றால் மேசையைத் தூக்கி வெளியே வை, காலியாக விடாதே என்றார்.

கன்னியம்மா திரும்பி வந்தாள். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு வரவில்லை. இரண்டொரு வார்த்தை வந்தது, நிற்கவில்லை. பெரியவளாகித் தையல் கற்றுக்கொண்டு ஊருக்குப் போனாள். கதவு சாத்திவிட்டதா, வேறு எதுவுமா என்று டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைப் பார்த்தது அவள் திரும்பி வந்த சில மாதங்கள் கழித்து.

அன்று நாங்கள் போனபோது கிரேஸ் டீச்சர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சத்தம் போய்ச் சேருது சார். நான் தெனம் என் காதுல வச்சுப் பாத்துட்டுத்தான் அவளுக்கு மாட்டறேன். ஆனா அவ இன்னும் பக்கத்துப் புள்ள கையத்தான் பாக்கறா. நடுவுல அட்டை வச்சு மறச்சேன். பயந்துபோய் அழுதுட்டா."

பெட்டியில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது என்றார் சார். மற்ற பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பச் சொன்னார். அவளை மட்டும் மேசையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார். டீச்சர் புளியங்கொட்டைகளையும் தகர டப்பாவையும் முன்னால் வைத்தார். கன்னியம்மா ஒரு கொட்டையை எடுத்துக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டாள். பார்த்துப் போடப் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருமுறை இந்த அறையிலிருந்து தன்னை அனுப்பிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எதற்காக என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை.

நான் பெரிய பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தேன். இன்னும் சுவிட்சைப் போடவில்லை. மைக் மேசையில் கிடந்தது. சார் ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான்.

அவள் கொட்டையைப் போட்டாள். போட்டுவிட்டு, அவசரமாக அடுத்ததை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சரிதானே என்பது போல எங்களைப் பார்த்துச் சிரித்தாள். டப்பாவில் கொட்டை விழுந்த சத்தம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் கேட்டது.